உப்பில்லாச் சமையல்

அக்டோபர் 8

மருமகளுக்கு,

நீயும் குட்டியும் சுகமா? கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை என் பிள்ளை விற்றுவிட்டான். நான் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு போய் விற்று, பொழுது முழுக்கக் குடித்துவிட்டு வந்தான். அதுதான் அவன் கடைசியாகக் குடித்தது. மறுநாள் காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. கண் இரண்டும் மஞ்சள். பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, வயிற்றில் ஊசி போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்தார்கள். ஈரல் போய்விட்டதாம். "இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கம்மா" என்று டாக்டர் பெண் சொன்னாள். எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது ஒரு பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. உள்ளே அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதனால் மாடிப்படி முடிகிற இடத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துச் சமைக்கிறேன். தலைக்கு மேலே தகரம். இந்த மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் உலை கொதிக்கிறதா இல்லையா என்று காதுக்குத் தெரிவதில்லை. மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தீப்பெட்டி நமத்துப் போகிறது என்று இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறேன். அரிசியில்கூட ஈர வாடை.

டாக்டர் பெண் அவனுக்கு உப்பு கூடாது என்றுவிட்டாள். துளிக்கூடக் கூடாது. உப்பு உள்ளே போனால் தண்ணீர் மறுபடியும் வயிற்றில் கட்டிக்கொள்ளுமாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் அந்தக் குப்பையைத்தான் மூன்று வேளையும் பொங்கிப் போடுகிறேன்.

ஒரு உதவி. அங்கே சமையலறை மேல் தட்டில் என் சின்ன குக்கர் இருக்கிறது, கைப்பிடி கறுத்தது. குழைய வேகவைக்க அது இருந்தால் எண்ணெய் மிச்சமாகும். அனுப்ப முடிந்தால் அனுப்பு. முடியாவிட்டால் விடு.

அத்தை

 

அக்டோபர் 15

அத்தைக்கு,

குக்கரைப் பார்சலில் போட்டிருக்கிறேன். ரப்பர் வளையம் தளர்ந்திருந்தது, புதிதாக மாற்றியிருக்கிறேன். விசிலைத் தனியாகத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன், தேடாதீர்கள்.

நாங்கள் சுகம்.

இங்கேயும் மழைதான். ஊரே நனைந்து கிடக்கிறது, எங்கள் கம்பெனிக்கு மட்டும் கொண்டாட்டம். மழைக்கோட்டு தைத்து மாளவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள். தையல் போட்ட இடத்தில் தண்ணீர் புகாமல் சூடான டேப் ஒட்டுகிற மெஷினில் என்னை மாற்றியிருக்கிறார்கள். இடது கையால் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். மழை நாளில் அந்த மணிக்கட்டு சொல்கிற கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுப் போட என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதே நீங்கள்தான்.

காலையில் ஒரே தடவை சமைக்கிறேன், இரவுக்கும் அதுவே. துணி காய இடமில்லாமல் சமையலறையில் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறேன். குட்டியின் பள்ளிச் சட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பருப்பில் விழாமல் குனிந்து குனிந்து கிண்டுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்னடி, அடுப்புக்கு வணக்கம் வைக்கிறியா?" என்றாள். சிரித்தேன். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

அத்தை, மேலே 'அவர்' என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். பழகிய கை. இனி 'அவன்' என்றுதான் எழுதுவேன். உங்களுக்கு வலித்தால் வலிக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் கையை அவன் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய அன்று, அவனை வெளியே தள்ளி, "கதவைச் சாத்துடி, இனிமே திறக்காதே" என்று சொன்னது யார்? நீங்கள்தானே? உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் சாத்தினேன். எனக்கு அம்மா இல்லை, இவள்தான் இனி அம்மா என்று நினைத்துக்கொண்டுதான் அன்று தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் பை இல்லை, செருப்பு இல்லை. அவனோடு போய்விட்டீர்கள்.

அவன் அடித்ததை நான் மறந்தாலும் மறப்பேன்.

 

அக்டோபர் 21

மருமகளுக்கு,

குக்கர் வந்தது. ஒரு பொட்டு அடி பிடிக்கவில்லை. நன்றி.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், இப்போதுதான் எழுத வருகிறது.

அன்றைக்குக் கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் சாத்து என்றுதான் சொல்வேன். நீ வாசலில் தள்ளியது உன் புருஷனை. காலையில் நான் தேடிக்கொண்டு போனது என் பிள்ளையை. இரண்டும் ஒரே ஆள் என்று நீ நினைக்கிறாய். எனக்கு இரண்டு ஆள். உனக்கு விவாகரத்து என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அதை எந்தக் கோர்ட்டில் கொடுப்பார்கள்? நீயும் ஒரு பெண்ணைப் பெற்றவள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? பித்துதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னை வேண்டாம் என்று நான் போகவில்லை. சொல்லிக்கொண்டு போக வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நீ, "போகாதீங்க" என்றிருப்பாய். நான் இருந்திருப்பேன். அவன் படுத்துக் கிடந்த பஸ் ஸ்டாண்டிலேயே செத்திருப்பான்.

'அவன்' என்று நீ எழுதியது வலிக்கவில்லை. உன் கை, உன் பேனா.

இப்போது இருக்கிற அவனை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. லிப்ட் ரிப்பேர் வேலைக்குக் கம்பியில் குரங்கு மாதிரி ஏறி இறங்கியவன், குளியலறைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறான். கை கால் குச்சி, வயிறு மட்டும் ஊருக்கு முந்தி நிற்கிறது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று கஞ்சியைக் குடித்துவிட்டுச் சொல்கிறான்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. நீதான் உப்பே போடலையே, உன்னை நான் எதுக்கும்மா நினைக்கணும்?" கீழே பூட்டுக்காரருக்குக் கேட்டு அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். அவன் வாயைப் பார்க்க வைத்து நான் மட்டும் ருசியாகத் தின்ன முடியாது. ஆனால் அவன் கெட்டிக்காரன். பூட்டுக்காரர் சாப்பாட்டுப் பொட்டலத்தில் மடித்து வைத்திருந்த உப்பை, படியில் உட்கார்ந்தபடியே திருடி நக்கியிருக்கிறான். அன்று முழுக்கக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. அதிலிருந்து உப்பு ஜாடியைப் பூட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டேன். அவர் சாவிகளோடு டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்.

டாக்டர் பெண் மறைக்காமல் சொல்லிவிட்டாள். இந்த மழை விடும்வரை தாங்கினால் பெரிது என்றாள். அதனால் கேட்கிறேன். குட்டியை ஒரு தடவை கண்ணில் காட்டு. நீ மேலே வர வேண்டாம். கீழே கடையில் நில், நான் வந்து கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன். அவன் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு முகமில்லை. நான்தான் கேட்கிறேன்.

அத்தை

 

அக்டோபர் 27

அத்தைக்கு,

முடியாது.

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே முடியாது என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். யோசித்துவிட்டு எழுதுகிறேன். யோசித்தாலும் முடியாதுதான்.

போன வாரம் மழையில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தேன். கை வழுக்கி வாணலி மூடி தரையில் விழுந்தது. அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் குட்டி இல்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டாள். "மூடிதான்டி விழுந்துச்சு, அம்மா கை தவறிடுச்சு, வா வெளியே" என்று கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். உருளைக்கிழங்கு கரியாகிப் புகை வந்த பிறகுதான் திறந்தாள். வெளியே வந்து, "யாரும் வரலையே?" என்று கேட்டாள்.

அவள் சாப்பிட உட்கார்ந்தால் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாள், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கண் தட்டில், ஒரு கண் கதவில். இந்த ஒரு மாதமாகத்தான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதைக் கெடுக்க என்னால் முடியாது. சாகப் போகிறவனுக்காகவும் முடியாது.

என் முடிவை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. அவளிடமும் கேட்டேன். "அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம். பாக்கணுமா?" என்றேன். கையிலிருந்த பென்சிலைச் சீவி முடித்தாள். பிறகு, "இப்போ குடிக்கிறதில்லையா?" என்றாள். இல்லை என்றேன். "நிறுத்த முடியும்னா முன்னாடியே ஏன் நிறுத்தல?" என்றாள்.  இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

நம் தெருவில் முழங்கால் தண்ணீர். காய்கறி வண்டி வருவதில்லை. வாடிய பூசணித் துண்டு ஒன்று கிடந்தது. பூசணி எப்போதும் உங்கள் கை. நான் வைத்தது குழகுழவென்று ஆகிவிட்டது. குட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, "பாட்டி பண்றது இப்படி இருக்காது" என்று தள்ளினாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

 

நவம்பர் 3

மருமகளுக்கு,

உன் கடிதம் படித்தேன். முதலில் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டினேன், வாய்விட்டே. அப்புறம் குட்டி கதவைத் தாழ்ப்பாள் போட்டதை மறுபடி படித்தேன். திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அவனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றால் அவன் அந்த நிலையில் இல்லை.

ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி அந்தக் கரையில். மாத்திரை தீர்ந்துவிட்டது. மார்க்கெட்டும் கிடையாது. பூட்டுக்காரர் கடைக்குள் தண்ணீர் வந்து, அவரும் அவர் மனைவியும் சாமான்களோடு மாடிப்படியில் குடியிருக்கிறார்கள். என் அடுப்பும் அவர்கள் அடுப்பும் இப்போது ஒன்றுதான். மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. உடைந்த நாற்காலிக் காலை எரித்துச் சமைக்கிறோம். ஈரக் கட்டை. புகையில் கண் தெரிவதில்லை.

அவன் பேச்சு தடுமாறிவிட்டது. பகலில் தூங்குகிறான், விழித்தால் யார் எவர் என்று தெரிவதில்லை. பூட்டுக்காரரைப் பார்த்து, "மூணாவது மாடியில லிப்ட் நிக்குது, ஆளு உள்ள மாட்டிக்கிட்டாங்க, சீக்கிரம் வா" என்கிறான். என்னை நீ என்று நினைத்துக்கொள்கிறான். உன்னிடம் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உன் கை ஆறிடுச்சா?" என்றான். ஆறிடுச்சு என்றேன். பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாது.

இன்று காலையில் கொஞ்சம் தெளிந்திருந்தான். கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அம்மா, ஒரு முட்டை பொரிச்சுத் தா. உப்புப் போட்டு. ஒரே ஒரு தடவை" என்றான். பிச்சைக்காரன்கூட அப்படிக் கேட்க மாட்டான். நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன்.  சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

கீழே படியில் போய், "உப்பைக் குடுங்க" என்றேன். பூட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். படிக்குத் தூக்கி வந்திருந்த டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவி, தன் பங்குக்கு வைத்திருந்த முட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பொரித்தேன். உப்பை அளக்கவில்லை, கையால் அள்ளிப் போட்டேன். சுடுசோற்றில் வைத்துப் பிசைந்து ஊட்டினேன். எல்லாவற்றையும் தின்றான், ஒரு பருக்கை விடவில்லை. என் விரலைக்கூட நக்கினான், பல் முளைக்காத வயதில் செய்த மாதிரி. "இப்பத்தாம்மா சோறு" என்றான்.

மத்தியானத்திலிருந்து மூச்சு வாங்குகிறது. தலையணை இரண்டைச் சேர்த்து நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறேன். இதை அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தபால்காரர் படகில் வருகிறார், கொடுத்தால் எடுத்துக்கொள்கிறார்.

நான் செய்தது சரியா?

அத்தை

 

நவம்பர் 4

அத்தைக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உங்கள் பக்கம் பாலத்தை மூடிவிட்டார்கள் என்று கம்பெனி ரேடியோவில் சொன்னார்கள். சாப்பிட என்ன வைத்திருக்கிறீர்கள், எரிக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் அந்த யோசனைதான். நேற்று ஒரு கோட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்து ஒட்டிவிட்டேன். சூப்பர்வைசர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ரயில் ஆற்றுக்கு இந்தப் பக்கம்வரை ஓடுகிறதாம். அங்கிருந்து படகோ நடையோ பார்த்துக்கொள்கிறேன். குட்டி வர மாட்டாள், பக்கத்து வீட்டில் இருப்பாள். நான் மட்டும். அவனைப் பார்க்க வரவில்லை. உங்களைப் பார்க்க வருகிறேன். அறைக்குள் வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாலும் திரும்புவேன்.

பருப்பு, அரிசி, மெழுகுவர்த்தி, உங்களுக்கு ஒரு மழைக்கோட்டு கொண்டு வருகிறேன். கோட்டு, கம்பெனியில் கழித்துப் போட்டது. ஒரு பாக்கெட் கோணலாக இருக்கும், தண்ணீர் புகாது.

 

நவம்பர் 12

மருமகளுக்கு,

அவன் போய்விட்டான்.

நாலாம் தேதி மத்தியானம். நீ வருகிறேன் என்று அங்கே எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான், முடியவில்லை.  என் முந்தானையைப் பிடித்திருந்த கை நழுவியது, அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் வராது. குறுகின படி, ஆள் படுத்த வாக்கில் இறக்க முடியாது. பூட்டுக்காரர் தன் கடைக் கதவைக் கீலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். அதில் அவனைக் கட்டி, நெட்டுக்குத்தாகச் சாய்த்து, நாலு பேர் சேர்த்து இறக்கினார்கள். இறங்கும்போது நின்ற மாதிரி இருந்தான். எவ்வளவு நாளாயிற்று அவன் நின்று. கதவு தண்ணீரில் மிதந்தது, அவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள், நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் வைத்தார்கள். மின்மயானத்துக்குள்ளும் தண்ணீர். வடியும்வரை அங்கேயே, மழைக்குச் செத்த இன்னும் சிலரோடு பெஞ்சில் கிடந்தான். பள்ளிக்கூடத்தின் மறு பக்கத்தில் வீடு இழந்தவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் பற்றவில்லை என்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் போய் வெங்காயம் உரித்தேன். பிள்ளையைப் பிணமாகப் போட்டுவிட்டு அரிசி களைகிறாளே என்று யாராவது நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

எட்டாம் தேதி எரித்தோம். திரும்பி வந்த பிறகுதான் உன் கடிதம் கைக்கு வந்தது. ஞாயிறு போயிருந்தது. நீ வரவில்லை. ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது என்று பூட்டுக்காரர் விசாரித்துச் சொன்னார்.

என் மனதில் ஒன்று அறுத்துக்கொண்டே இருக்கிறது. உப்புப் போட்டுச் சோறு கொடுத்தேன், அடுத்த நாள் போய்விட்டான். நான் போட்ட உப்பால்தான் செத்தானா? டாக்டர் பெண்ணிடம் போய்க் கேட்கக் காலும் வரவில்லை, வாயும் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன். நீ பொய் சொல்ல மாட்டாய். என்னைத் தேற்றுவதற்காக எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

அத்தை

 

நவம்பர் 17

அத்தைக்கு,

மூன்றாம் தேதிக் கடிதமும் பன்னிரண்டாம் தேதிக் கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. பிந்தியதை முதலில் பிரித்துவிட்டேன்.

எங்கள் கம்பெனிக்கு வாரம் ஒருமுறை டாக்டர் வருவார். வயதானவர். என் மாமியாருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த நிலைமைக்கு வந்த ஆளு, உப்புப் போட்டாலும் போகத்தான் போறாரு, போடாட்டியும் போகத்தான் போறாரு. ஆனா அது ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் முன்னாடி தள்ளியிருக்கலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

நீங்கள் பொய் வேண்டாம் என்றீர்கள். அதனால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சரியா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு என் பதில் இது. நானாக இருந்தால் உப்பு போட்டிருக்க மாட்டேன். அவன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அல்ல. கேட்டது கிடைக்காமல் கிடக்கட்டும் என்று. எனக்குள் அப்படி ஒருத்தி இருக்கிறாள், அவளை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் கடைசிச் சோறு அவள் கையால் இல்லாமல் உங்கள் கையால் கிடைத்தது. அவன் செய்த புண்ணியம் என்று சொல்ல மாட்டேன், அவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. உங்களால் கிடைத்தது, அவ்வளவுதான்.

என் கை ஆறவில்லை. ஆனாலும் ஆறிவிட்டது என்று நீங்கள் சொன்னது சரி. சாகிறவனோடு கணக்குப் பேச முடியாது.

அந்த ஞாயிறு ரயில் பாதியில் நின்றது உண்மை. பெயர்ப் பலகைகூட நனைந்து உப்பிப் போன ஒரு சின்ன ஸ்டேஷன். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பக்கத்தில் பசியோடு இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு, "யாருக்குக் கொண்டு போனீங்க?" என்றாள். "எங்க அம்மாவுக்கு" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

குட்டியிடம் சொன்னேன். அழவில்லை. நானும் அழவில்லை. ராத்திரி படுக்கும்போது, "அப்போ பாட்டி அங்க தனியாவா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

வந்துவிடுங்கள். பாதையைச் சரி செய்து மாதக் கடைசியில் ரயில் விடுகிறார்களாம். சமையலறைச் சுவர் ஊறி ஒரு பக்கம் பூஞ்சை பிடித்திருக்கிறது. மற்றபடி வீடு அப்படியே இருக்கிறது.

 

நவம்பர் 23

மருமகளுக்கு,

நீ எழுதியதைப் பூட்டுக்காரர் மனைவியைப் படிக்கச் சொல்லியும் ஒரு தடவை கேட்டேன். நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. தப்பில்லை. கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கலாம். சரி. அதோடு இருந்துகொள்கிறேன். தெரியாமல் இருப்பதைவிட இது மேல்.

இங்கே என்னைப் போக வேண்டாம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்து முகாமில் இன்னும் சமையல் நடக்கிறது, என் கைக்கு அங்கே வேலை இருக்கிறது. மழை விட்டுவிட்டது. வெயில் வந்ததும் தெரு நாறுகிறது. அவன் படுத்திருந்த பாயைக் கீழே போட்டுக் கொளுத்தினேன், சரியாக எரியவில்லை.

வருகிறேன். முப்பதாம் தேதி. ஆனால் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

நான் அழுவேன். இங்கே இன்னும் அழுது முடிக்கவில்லை. உன் வீட்டில், உன் அடுப்புக்கு முன்னால், உன் கையை உடைத்தவனுக்காக நீ பார்க்கவே அழுவேன். அவன் சின்ன வயதில் செய்த குறும்பை எல்லாம் யாரும் கேட்காமலே சொல்வேன். நல்லவன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் பிள்ளை என்று சொல்வேன். குட்டியின் காதில் அது விழும். மாதம் ஒன்று அழுவேனோ, வருஷம் ஒன்று அழுவேனோ, எனக்கே தெரியாது.

இதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் ஸ்டேஷனுக்கு வா. முடியாது என்றால் வராதே. நான் பிளாட்பாரத்தில் உன்னைக் காணாவிட்டால் திரும்பிவிடுவேன். உன் மேல் ஒரு சொட்டுக் கோபம் இருக்காது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அத்தை

 

நவம்பர் 26

அத்தைக்கு,

முப்பதாம் தேதி வருகிறேன் என்று மட்டும் எழுதினால் நான் என்னத்தைக் கண்டேன்? எந்த ரயில், எந்தப் பெட்டி என்று எழுத வேண்டாமா? உங்கள் பக்கத்திலிருந்து அன்றைக்கு இரண்டு ரயில் வருகிறது. ஒன்று காலையில், ஒன்று சாயங்காலம்.

லீவு போட்டுவிட்டேன். இரண்டுக்கும் நிற்கிறேன்.